ஸ்டோன்ஹெஞ்ச்: எல்லாரும் முதுகு காட்டி நிக்கிற பக்கம்

(காட்சி: ஜூன் மாத விடியற்காலை. கல் வட்டத்துக்குள் பெருங்கூட்டம். எல்லார் முகமும் வடகிழக்கு நோக்கி.)

வணக்கம். இங்கிலாந்துல வில்ட்ஷர் பகுதி, சாலிஸ்பரி சமவெளி. வருஷத்திலேயே நீளமான பகல் வர்ற ஜூன் 21-ஐ ஒட்டி, ஆயிரக்கணக்கானவங்க ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு இங்க காத்திருப்பாங்க. வட்டத்துக்கு வெளிய தனியா நிக்கிற ஹீல் ஸ்டோன் பக்கத்துல சூரியன் எழும்பும். ஸ்டோன்ஹெஞ்ச்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் இதுதான்.

ஆனா இந்த இடத்தைப் பத்திப் படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு தோணுது. இந்தக் கூட்டம் முதுகு காட்டி நிக்குதே, அந்தப் பக்கம்தான் இதைக் கட்டினவங்களுக்கு முக்கியமா இருந்திருக்கணும்.

(காட்சி: மேலிருந்து வட்டம். நடுவே ஒரு கோடு.)

அமைப்போட நடுக்கோடு வடகிழக்குலேர்ந்து தென்மேற்குக்குப் போகுது. ஒரு முனையில ஜூன் மாச உதயம். மறுமுனையில டிசம்பர் மாச அஸ்தமனம், அதாவது வருஷத்திலேயே குட்டையான பகல் முடியிற நேரம். ரெண்டுக்கும் கோடு ஒண்ணுதான். அதனால கோட்டை விட்டுட்டுக் கல்லுகிட்ட போவோம்.

(காட்சி: மிக உயரமான தனிக்கல். கேமரா மெல்ல உச்சிக்கு ஏறுகிறது.)

இதோட உச்சியில ஒரு குமிழ் துருத்திக்கிட்டு இருக்கு பாருங்க. மரவேலை தெரிஞ்சவங்க பார்த்ததும் சொல்லிடுவாங்க, இது கழுந்து. மேல படுக்க வெச்ச உத்திரக்கல்லோட அடியில குழி எடுத்து, இந்தக் கழுந்துல உட்கார வெச்சிருக்காங்க. காலம் ஏறக்குறைய கி.மு. 2500. இரும்பு இல்ல. கல்லாலயே கல்லைத் தட்டித் தட்டி, தச்சு வேலையைக் கல்லுல செஞ்சிருக்காங்க.

இந்தக் கல்லுக்கு ஒரு ஜோடி இருந்துச்சு. அது விழுந்து உடைஞ்சு கிடக்கு. ரெண்டும் உத்திரமும் சேர்ந்த அந்த வாசல்தான் மொத்த அமைப்புலயே உயரமானது. அதை நிறுத்தின இடம் தென்மேற்கு. ஏவன் ஆத்தங்கரையிலேர்ந்து வர்ற பழைய பாதையில நடந்து வந்தா, கடைசி நேர்த்துண்டுல அது முகத்துக்கு நேரா நிக்கும். டிசம்பர் சாயங்காலம் சூரியன் அந்த இடுக்குல இறங்கும்.

(காட்சி: பழைய ஓவியங்கள், வேகமாக.)

எதுக்குக் கட்டினாங்கங்கிற கேள்விக்கு வந்த பதில்கள் நிறைய. மெர்லின்ங்கிற மந்திரவாதி அயர்லாந்துலேர்ந்து கொண்டுவந்தார்னு 12-ம் நூற்றாண்டுக் கதை. ரோமானியர் கோயில்னார் 17-ம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ். ட்ரூயிட் பூசாரிகளோட கோயில்னார் 18-ம் நூற்றாண்டுல வில்லியம் ஸ்டூக்லி. ட்ரூயிட்கள் வரலாற்றுல தலைகாட்டுறதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே இந்தக் கல்லுங்க நின்னாச்சு. 1960-கள்ல வானியலாளர் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, ஓரமா வட்டமா இருக்கிற 56 குழிகளும் கிரகணம் கணிக்கத்தான்னார்.

அந்தக் குழிகளைத் தோண்டினப்போ கிடைச்சது எரிஞ்ச மனுஷ எலும்பு. கி.மு. 3000 வாக்குல, பெரிய கல்லுங்க வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே, இது சுடுகாட்டுச் சாம்பலைப் புதைக்கிற இடமா இருந்திருக்கு. அந்த எலும்புல 25 பேரோடதை ஆராய்ஞ்சு 2018-ல முடிவு வெளியிட்டாங்க. குறைஞ்சது 10 பேர் இந்த வட்டாரத்துக்காரங்களே இல்ல. மேற்கு வேல்ஸ் மண்ணோட பொருந்துது. இங்க இருக்கிற, ப்ளூஸ்டோன்னு சொல்ற சின்னக் கல்லுங்களும் 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, மேற்கு வேல்ஸ்ல இருக்கிற பிரெசெலி குன்றுகள்லேர்ந்துதான் வந்துச்சு. எனக்கு இது சாதாரணப் பொருத்தமாத் தெரியல.

(காட்சி: மரத்தூண் வட்டத்தின் மாதிரி வரைபடம்.)

1998-ல பிரிட்டிஷ் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனும், மடகாஸ்கரைச் சேர்ந்த தொல்லியலாளர் ராமிலிசோனினாவும் சேர்ந்து ஒரு கருத்தை முன்வெச்சாங்க. ராமிலிசோனினாவுக்கு இதுல பெரிய புதிர் இல்ல. அவர் ஊர்ல இறந்தவங்களுக்குத்தான் கல், இருக்கிறவங்களுக்கு மரம். மனுஷனும் மரமும் அழியும், முன்னோர் அழியமாட்டாங்க. அப்படின்னா பக்கத்துல மரத்தால ஆன ஒரு இடம் இருக்கணுமே?

இருக்கு. 3 கிலோமீட்டர் தள்ளி, டரிங்டன் வால்ஸ். மரத்தூண் வட்டங்கள் இருந்தது முன்னாடியே தெரியும். பார்க்கர் பியர்சன் குழு அங்க தோண்டினப்போ வீடுகளே கிடைச்சுது. சுண்ணத் தரை, நடுவுல அடுப்பு. வெளியில குவியல் குவியலாப் பன்றி எலும்பு. பன்றி வசந்தத்துல குட்டி போடும். பல் முளைச்ச அளவை வெச்சுப் பார்த்தா, நிறையப் பன்றிகளை ஏறக்குறைய 9 மாசத்துல வெட்டியிருக்காங்க. வசந்தத்துலேர்ந்து 9 மாசம் எண்ணுங்க. நட்ட நடுக் குளிர்காலம் வரும். மூட்டுகூடக் கழலாத எலும்புத் துண்டுகளைத் தூக்கிப் போட்டிருக்காங்க. சுத்தமா வழிச்சுச் சாப்பிடணும்ங்கிற அவசியமே இல்லாத விருந்து. இங்க இருக்கிற தெற்கு மரவட்டம் பார்க்கிறது டிசம்பர் மாச உதயத்தை. காலையில இங்க, சாயங்காலம் அங்க.

ஸ்டோன்ஹெஞ்ச் நோய் தீர்க்கிற தலம்னு தொல்லியலாளர்கள் டிமத்தி டார்வில், ஜெஃப்ரி வெயின்ரைட் ரெண்டு பேரும் சொன்னாங்க. பக்கத்துல ஏம்ஸ்பரியில 2002-ல கிடைச்ச, ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துல வளர்ந்த ஒரு பழங்கால வில்லாளி எலும்புக்கூட்டோட கெட்டுப்போன முழங்காலையும் அதுக்குச் சான்றாக் காட்டினாங்க. ஒருத்தரோட முழங்கால் இவ்வளவு பெரிய கருத்தைத் தாங்காதுங்கிறது என் எண்ணம். அத்தனை தூரம் தாண்டி ஆட்கள் வந்தாங்கங்கிறது மட்டும் நிச்சயம். 2019-ல வெளியான ஆய்வுல, இந்த வட்டாரத்து விருந்துப் பன்றிகளே ஸ்காட்லாந்து, வேல்ஸ் மாதிரி தூர தேசத்துல வளர்ந்ததுன்னு தெரிஞ்சுது.

(காட்சி: வட்டத்தின் நடுவே, விழுந்த கல்லுக்கு அடியில் புதைந்த ஒரு கல்.)

கடைசியா இந்தக் கல். ஆல்டர் ஸ்டோன்னு பேரு, எடை 6 டன். இதுவும் வேல்ஸ்னுதான் நூறு வருஷமா நம்பிட்டிருந்தாங்க. 2024-ல அதோட தாதுக்களோட வயசைப் பார்த்தப்போ, வடகிழக்கு ஸ்காட்லாந்துன்னு தெரிஞ்சுது. ஏறக்குறைய 750 கிலோமீட்டர். பன்றி வந்த திசையிலேர்ந்தே கல்லும் வந்திருக்கு.

அவ்வளவு தூரம் கொண்டுவந்த கல் இப்போ எங்க கிடக்குன்னு பாருங்க. உதயம் பார்க்கிற பக்கம் இல்ல. தென்மேற்குல, அந்த உயரமான வாசலுக்கு முன்னாடி, விழுந்துபோன ஜோடிக் கல்லுக்கு அடியில.

(காட்சி: டிசம்பர் சாயங்காலம். கழுந்து தெரியும் ஒற்றைக் கல்லுக்குப் பக்கத்தில் சூரியன் இறங்குகிறது.)