சால்ட்மார்ஷுக்குப் போய்வந்தவர்கள் சொன்னது

(மீன்பிடித் தடைக்காலம் முடிந்தபின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஆற்றிய உரை. மேடையில் நேரம் போதாமல் விட்டுவிட்ட சில விவரங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், இரண்டு தடைக்காலங்களாக என்னோடு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிய தம்பி தங்கையருக்கும் என் வணக்கம்.

நான் இன்று பேச வந்திருப்பது ஒரு விளையாட்டு நூலைப் பற்றி. அதைவிடவும், அந்த நூலை ஆடிப் பார்த்த நம் கரையோரத்துப் பிள்ளைகள் அதைப் பற்றிச் சொன்ன கருத்துகளைப் பற்றி. விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்கள் நினைக்கலாம். சற்று நேரம் பொறுத்துக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரைப் பிள்ளைகள் டி.எம். என்று அழைக்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று வாயாலேயே சொல்லி ஆடுவார்கள். செய்வது கைகூடுமா என்ற ஐயம் வரும் இடத்தில் இருபது பக்கம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். டி.எம். பயன்படுத்துவதற்காகவே அச்சிடப்பட்ட சாகச நூல்கள் உண்டு. இடங்களும் ஆட்களும் ஆபத்துகளும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் நடக்கப்போவது எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் அது ஆடுகிறவர்கள் கையில் இருக்கிறது. ஆகவே இந்த நூல்களைப் பற்றி ஆடியவர் சொல்லும் கருத்து, கூத்தைத் திண்ணையில் அமர்ந்து பார்த்தவர் சொல்லும் கருத்தைப் போன்றதன்று. வேடம் கட்டி விடியவிடிய ஆடியவர் சொல்வதைப் போன்றது.

நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் 'கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ்'. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை 2019இல் ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்காக வெளியிட்டது. அதில் ஏழு சாகசங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று ஒரே தொடர். டேவ் பிரவுன், டான் டர்ன்புல் ஆகிய இருவர் எழுத, இந்த விளையாட்டை முதலில் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளை 1981, 1982, 1983ஆம் ஆண்டுகளில் அவற்றை முதலில் தனித்தனி ஏடுகளாகக் கொண்டுவந்தது. நான் பேசப்போவது இந்த மூன்றைப் பற்றித்தான். மற்ற நான்கும் 'டன்ஜன்' இதழில் வந்த தனிக்கதைகள். அவற்றை இந்த மூன்றோடு கட்டியிருக்கும் கயிறு தளர்வானது என்பதே எங்கள் அனைவரின் கருத்து. ஒரு வேண்டுகோள்: கதையின் திருப்பங்களை நான் மறைக்காமல் சொல்லப்போகிறேன். இனிமேல் ஆட நினைப்பவர்கள் சிறிது நேரம் வெளியே கடற்காற்று வாங்கிவிட்டு வரலாம்.

சால்ட்மார்ஷ் ஒரு மீன்பிடி ஊர். ஊருக்கு அப்பால், கடலைப் பார்த்த செங்குத்துக் கரையின் மேல் ஒரு பாழடைந்த வீடு நிற்கிறது. இரசவாதி ஒருவர் வாழ்ந்த வீடு அது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் காணாமல் போனார். இரவில் அங்கே வெளிச்சம் தெரிகிறது, அலறல் கேட்கிறது, பேய் உலவுகிறது என்பது ஊர்ப் பேச்சு. உண்மையில் அங்கே இருப்பவர்கள் கடத்தல்காரர்கள். அலறல்கள் மந்திரத்தால் வைக்கப்பட்ட பொய்க்குரல்கள். பேய்ப் பயம் அவர்கள் ஊரைச் சுற்றிப் போட்ட வேலி.

நான் மூன்று குழுக்களுக்கு இதை நடத்தினேன். மண்டபத்தில் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஐவர்; கீழக்கரையில் கல்லூரி மாணவியர் நால்வர்; இராமநாதபுரம் நகரத்தில் கணினி விளையாட்டுகளில் நன்கு பழகிய நண்பர்கள் சிலர். நகரத்துக் குழு பேய்க்கதையை நம்பியது. கதவுக்குக் கதவு காதை வைத்துக் கேட்டு, மூன்று மாலைகள் அந்த வீட்டில் நடுங்கி நடுங்கித் திரிந்தார்கள். இந்தப் பாகத்தைப் போல் இனிமையான ஆட்டம் வேறில்லை என்றார்கள். மண்டபத்துக் குழுவுக்கு அந்த நடுக்கமே வரவில்லை. வெளிச்சம் என்று நான் சொன்ன உடனே, வெளிச்சம் அசைகிறதா நிற்கிறதா, கடலில் எதிர்வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு தம்பி கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிந்தால் அது பேய் வேலை அல்ல, வல்லத்துக்குக் காட்டும் அடையாளம் என்றார்.

இது எனக்கு வியப்பாக இருந்திருக்கக் கூடாது. 1964 டிசம்பரில் புயல் அடித்துப்போன தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். வெளியூரார் அதைப் பேய் நகரம் என்று எழுதுகிறார்கள். அந்த இடிபாடுகளுக்கு அருகிலேயே குடிசை போட்டு, வலை உலர்த்தி, பிள்ளை வளர்க்கும் குடும்பங்களை நமக்குத் தெரியும். கடலட்டை 2001 முதல் வனஉயிரினச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தும் இரவில் அது கரை கடத்தப்படுவதும், பிடிபடுவதும் இங்கே நாளிதழ்ச் செய்தி. ஆகவே முதல் பாகத்தின் மர்மம் நம் கரையில் விரைவாக அவிழ்ந்துவிடுகிறது. அது நூலின் குறையா என்றால், இல்லை என்பேன். மர்மம் அவிழ்ந்தபின் அந்தத் தம்பிகள் கேட்ட கேள்விகள் நூல் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையானவை: பட்டும் பிராந்தியும் இறங்குகிறது சரி, ஊருக்குள் அதை வாங்குகிறவர் யார்? வாங்குகிறவர் பெயர் வெளிவந்தால் இழப்பு யாருக்கு? பொய்க்குரல்கள் வைத்த வீட்டைச் சுற்றி வருவதை விட்டுவிட்டு, கப்பல் வரும் இரவுக்காகக் கரையில் படுத்துக் காத்திருந்தார்கள்.

அந்த வீட்டின் மாடியில் ஒருவன் கைகால் கட்டப்பட்டுக் கிடப்பான். கடத்தல்காரர்களிடம் சிக்கியவன் என்று சொல்வான். உண்மையில், கடத்தலில் பங்குள்ள ஊர் வணிகன் ஒருவன் அனுப்பிவைத்த ஆள் அவன். கீழக்கரைத் தங்கையர் கட்டை அவிழ்த்து, தங்கள் உணவைப் பகிர்ந்து, ஒரு வாளும் கொடுத்துக் கூடவே அழைத்துப் போனார்கள். அவன் முதுகில் குத்தியபோது மேசையில் விழுந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்களில் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு, சோறு போட்டவரை ஏமாற்றுவது கதையில்கூடத் தவறு, இதை எழுதியவருக்கு இரக்கம் பற்றி என்ன எண்ணம் என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். முதல் சந்திப்பிலேயே இரக்கத்துக்குத் தண்டனை கிடைத்தால், ஆடுகிறவர்கள் அதன்பின் எவரையும் நம்ப மறுப்பார்கள். இந்தத் தொடருக்கு அது பெருங்கேடு. ஏனென்றால் இரண்டாம் பாகம் முழுவதும் நம்பிக்கையைக் கேட்டு நிற்கிறது. ஆகவே மற்ற இரு குழுக்களுக்கும் நடத்தும்போது, அவன் மணிக்கட்டில் கயிறு இறுகிய தழும்பு இல்லை என்பதை நானே சொன்னேன். கவனித்தவர் கவனிக்கட்டும் என்று விட்டேன். நகரத்துக் குழுவில் ஒருவர் கவனித்தார்.

இனி இரண்டாம் பாகம். எனக்கு இந்த நூலில் மிகவும் உயர்ந்த இடம் இதுதான், ஆடியவர்கள் மிகவும் பிளவுபட்டதும் இங்கேதான்.

கடத்தல் கப்பலில் ஆயுதங்கள் அகப்படுகின்றன. அவை சதுப்பு நிலத்தில் வாழும் பல்லி மனிதர்களுக்குப் போகின்றன என்று தெரிகிறது. பல்லி மனிதர்கள் படை திரட்டுகிறார்கள், நம்மைத் தாக்கத்தான் என்று சால்ட்மார்ஷ் நடுங்குகிறது. பாத்திரங்களை அவர்களின் உறைவிடத்துக்கு அனுப்புகிறது. உண்மை வேறு. சஹுவாகின் என்னும் கொடிய கடல் இனம் பல்லி மனிதர்களை அவர்கள் வாழ்விடத்திலிருந்து துரத்திவிட்டது. அதை மீட்கத்தான் ஆயுதம். சஹுவாகின் அடுத்து வரப்போவது சால்ட்மார்ஷுக்கு. பகை என்று நினைத்தவர்கள் அண்டை வீட்டார். ஒரே புயல் இருவர் கூரைக்கும் வருகிறது.

நகரத்துக் குழு வாளோடு நுழைந்தது. வாசலில் நின்ற காவலர்கள் நால்வரை வெட்டியபின், உள்ளே குழந்தைகளும் முதியவர்களும் இருப்பதைக் கண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் சொன்னது கடுமையாக இருந்தது: நூல் எங்களை ஏமாற்றிவிட்டது, பல்லி முகம் கொண்ட ஓர் உயிரை எதிரி என்று காட்டிப் பழக்கியது இந்த விளையாட்டே, பழக்கிவிட்டு இப்போது குற்றவாளியாக்குகிறது என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக, கதவைத் திற, உள்ளே இருப்பதைக் கொல், பெட்டியை எடு என்ற முறையில் ஆடப்பட்டுவந்த விளையாட்டு இது. ஆனால் 1982லேயே இரண்டு எழுத்தாளர்கள் அந்தப் பழக்கத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார்கள் என்பதும் உண்மை. கப்பலில் கிடைத்த ஆயுதம் யாருக்கு என்று கேட்டவர்கள், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லக் கப்பலிலேயே ஆட்கள் இருந்தார்கள். ஆகவே நூல் ஏமாற்றியது என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நூல் ஊராரின் அச்சத்தை ஊராரின் வாயால் சொன்னது. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டது ஆடியவர்கள்.

மண்டபத்துக் குழுவின் இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கூட்டத்துக்கே ஒப்புக்கொண்டேன். அவர்களும் முதல் காவலனை வீழ்த்திவிட்டார்கள். ஆனால் அவன் விழுந்த இடத்தில் காய்ந்துகொண்டிருந்த வலையை நான் விவரித்தவுடன் நிறுத்திக்கொண்டார்கள். நாட்டுப்படகுத் தம்பி, வலை பின்னுகிறவனுக்கு வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்கும் என்று சொல்லி, தம் பாத்திரத்தின் வாளைக் கீழே வைத்தார். பின் நடந்தது முழுவதும் பேச்சு. பகடை நான்கைந்து முறைக்குமேல் உருளவில்லை. இறந்தவனுக்கு ஈடு என்ன என்று முதலில் பேசினார்கள். ஊர்க்கூட்டத்தில் தண்டம் பேசிப் பார்த்தவர்கள் என்பதால், தாங்களாக ஒரு தொகையைச் சொல்லாமல் அவன் குடும்பத்தைச் சொல்லச் சொன்னார்கள். அடுத்து மீன்பிடி எல்லை. பல்லி மனிதர்களும் சால்ட்மார்ஷ்காரர்களும் ஒரே கழிமுகத்தில் வலை போட்டால் நாளைக்கு வேறு சண்டை வருமே என்று கேட்டவர் விசைப்படகுத் தம்பி. நம் மாவட்டத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலைப் பகுத்துக்கொண்ட ஏற்பாடு இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஏற்பாட்டை அந்தக் கற்பனைக் கழிமுகத்தில் அவர்கள் முன்வைத்தார்கள். எந்தக் கிழமை யாருக்கு என்பதில் விசைப்படகுத் தம்பிக்கும் நாட்டுப்படகுத் தம்பிக்கும் உண்மையாகவே குரல் உயர்ந்தது. பிறகு இருவரும் சேர்ந்து பல்லி மனிதர்களின் அரசியிடம் ஒரே வாய்மொழியாகப் பேசினார்கள். நூலில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இருந்திருக்க முடியாது. ஆனால் அது நிகழ்வதற்கான இடத்தை நூல் ஒதுக்கி வைத்திருக்கிறது, அதற்காகவே இந்தப் பாகத்தை நான் நெஞ்சாரப் பாராட்டுகிறேன்.

சண்டையே இல்லையே, ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டே இருந்தோமே என்று இந்தக் குழுவிலேயே ஒருவர் குறைப்பட்டார். அவர் சொன்னதையும் இங்கே பதிவுசெய்கிறேன். அவர் வீரனாக ஆட விரும்பி வந்தவர். அவர் பாத்திரத்தின் திறமைகள் யாவும் வாளில் இருந்தன. பேச்சுவார்த்தை நடக்கும்போது அவருக்கும் ஒரு வேலை வேண்டும் என்பதை டி.எம். என்ற முறையில் நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அது என் தவறு.

மூன்றாம் பாகத்தில் சஹுவாகின்களின் கோட்டைக்குள் நுழைந்து, போருக்குமுன் வேவு பார்த்துத் திரும்ப வேண்டும். கோட்டையின் ஒரு பகுதி நீருக்குள் இருக்கிறது. மூன்று குழுக்களும் ஒன்றுபட்டது இங்கேதான்: கடினம், மிகக் கடினம் என்றார்கள். வேவு பார்க்கத்தான் அனுப்பினார்கள், போரிட அல்ல என்பதை மறந்தால் பாத்திரங்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள். நகரத்துக் குழு திரும்பவில்லை. அறைக்கு அறை காவல், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்ற கணக்கு என்று நூலின் நடையும் இங்கே வறண்டுபோகிறது. முன் இரண்டு பாகங்களில் எதிரிக்கும் ஒரு காரணம் இருந்தது. இங்கே சஹுவாகினுக்கு அப்படி எதுவும் இல்லை. பல்லி மனிதர்களின் காரணத்தைத் தேடச் சொல்லிக்கொடுத்த நூல், அடுத்த பாகத்திலேயே காரணம் தேட இடமில்லாத ஓர் இனத்தை நிறுத்துவது எனக்கு உண்மையான ஏமாற்றம். கீழக்கரைத் தங்கையரும் இதையே கேட்டார்கள். அவர்களுக்கு நான் தந்த பதில் எனக்கே போதவில்லை.

ஆனால் அவர்களின் ஆட்டத்தில் ஒன்று நடந்தது. கோட்டை முன்பு பல்லி மனிதர்களின் வீடாக இருந்த இடம் என்று தெரிந்ததும், வீட்டுக்காரரைக் கேட்காமல் நாம் ஏன் இருட்டில் தடவ வேண்டும் என்று முதல் பாகத்தில் ஏமாந்த அதே தங்கை கேட்டார். முதிய பல்லிப் பெண் ஒருத்தியைத் தங்களோடு அழைத்தார்கள். சால்ட்மார்ஷ் கரையில் அமர்ந்து, ஈரமணலில் விரலால், இது அடுப்பறை, இது என் மகன் பிறந்த அறை, இதன் பின்னால் நீர்வழி என்று அவள் வரைவதாக நான் சொல்லச் சொல்ல, அந்தத் தங்கை தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். அந்தக் குறிப்பேட்டை இன்று கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வேண்டுகிறவர்கள் பார்க்கலாம். படத்தின் ஓரத்தில் அந்த முதியவளுக்கு அவரே ஒரு பெயர் வைத்து எழுதியிருக்கிறார். நூலில் அவளும் இல்லை, பெயரும் இல்லை.