மாரி அடுப்புக்கு மெழுகுக் கட்டி

வணக்கம் நேயர்களே.

ஐப்பசியில மழை இறங்கினால் வன்னி அடுப்படியில விடியப்புறத்தில என்ன பாடு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலபோக வயலுக்கு, அதுதான் மாரி நெல் வயலுக்கு, போற ஆளுக்குத் தேத்தண்ணி வைக்க வேணும். விறகு நனைஞ்சு கிடக்கும், சுள்ளியும் ஈரம், நெருப்புப்பெட்டியும் ஈரலிச்சுப் போயிருக்கும். பிறகென்ன, மண்ணெண்ணெய்ப் போத்திலைச் சரிக்கிறது. அது இல்லாட்டி ஒரு பொலித்தீன் சொப்பிங் பையைக் கொளுத்தி உள்ளுக்கு விடுறது. இந்த ரெண்டுக்கும் பதிலா வீட்டிலயே செய்து வைக்கக்கூடிய மெழுகுக் கட்டியைப் பற்றித்தான் இண்டைக்குப் பேசப்போறன்.

மண்ணெண்ணெயில கொஞ்சநேரம் நிண்டுதான் போகவேணும். ஈர விறகு பத்திறதெண்டால் அதுக்குள்ள இருக்கிற தண்ணி முதல்ல ஆவியாய்ப் போகோணும். அதுக்கு நேரம் எடுக்கும். மண்ணெண்ணெய் விறகின்ர தோலில பக்கெண்டு எரிஞ்சு முடிஞ்சுபோகும். உள்ளுக்குத் தண்ணி அப்பிடியே இருக்கும். அதால திரும்பவும் ஊத்துறம். அந்த ரெண்டாந்தரம் ஊத்திறதுதான் பொல்லாதது. கீழ தணல் கிடக்கும், எண்ணெய் பட்ட உடன ஆவியாகும், நெருப்பு தாவிப் போத்தில் வாய்க்கு வரும். சொப்பிங் பை இன்னும் மோசம். அதின்ர புகை முழுக்க அடுப்புக்கு முன்னால குந்தியிருக்கிற ஆளின்ர நெஞ்சுக்குள்ள போகுது. சட்டிக்குள்ள கறியெண்டால் மூடியைப் போட்டுக் காப்பாற்றலாம், சமைக்கிற ஆளுக்கு என்ன மூடி இருக்கு?

அப்ப வேண்டியது பத்து நிமிசம் ஒரே இடத்தில நிண்டு எரியிற ஒரு சின்ன நெருப்பு. மெழுகு அதைச் செய்யும், ஆனால் தனியச் செய்யாது. திரி இல்லாத மெழுகுத் துண்டில நெருப்புக்குச்சியைப் பிடிச்சுப் பாருங்கோ. உருகும், பத்தாது. உருகின மெழுகு திரியில ஏறி, சூட்டில ஆவியாகி, அந்த ஆவிதான் எரியிறது. நாங்கள் செய்யிற கட்டியில மரத்தூள்தான் திரி. ஒவ்வொரு தூளும் ஒரு திரி. இதை மனசில வைச்சிருந்தால் மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

மழைக்கு முதல், ஆவணி புரட்டாதி வெயிலுக்குள்ள செய்து வையுங்கோ. மெழுகுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கரண்ட் போன நேரம் கொளுத்தின மெழுகுதிரி அடிக்கட்டையளைச் சேருங்கோ. ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா மாதிரி நாட்களுக்குப் பிறகு தேவாலயங்களில உருகி வழிஞ்ச மெழுகு சேரும். பொறுப்பான ஆக்களிட்டைக் கேட்டு வாங்கலாம். நிறம் எதெண்டாலும் பரவாயில்லை. தேங்காயெண்ணெயைக் கலந்து மிச்சம் பிடிக்கலாம் எண்டு நினையாதேங்கோ. அது 24 பாகை செல்சியஸிலயே உருகிற சாமான், எங்கட வெக்கைக்குக் கட்டி இறுகாது. கற்பூரமும் வேண்டாம், சூடான மெழுகுக்குள்ள போட்டால் அதின்ர ஆவியே நெருப்புப் பிடிக்கும்.

தூளுக்கு, மரம் அரியிற இடத்துத் தூள் நல்லது. பெயின்ற் அடிச்ச பலகை, ஒட்டுப்பலகை அரிஞ்ச தூள் கூடாது. உமி ஆலை ஆலையாக் கிடக்குதே எண்டு கேப்பியள். உமிக்கு மெழுகை உறிஞ்சத் தெரியாது, எரிஞ்ச பிறகும் அஞ்சில ஒரு பங்கு மட்டில சாம்பலா நிண்டு நெருப்பை மூடும். தும்புத்தூளும் சரிவராது, காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். தும்பு நாரைக் குறுக வெட்டிப் பாவிக்கலாம். எந்தத் தூளெண்டாலும் சாக்கில பரப்பி ரெண்டு நாள் காயவிடுங்கோ. கையில பிடிச்சு இறுக்கிப் போட்டு விரிச்சால் உதிர வேணும். உருண்டையா நிண்டால் இன்னும் ஈரம். ஈரத்தூள் வெடிச்சுத் தெறிக்கும், இடையில அணைஞ்சும் போகும்.

அளவைச் சொல்லுறன். முட்டை அடுக்கி வாற 30 குழிக் கடதாசி மட்டை ஒண்டுக்கு 250 கிராம் தூள், 500 கிராம் மெழுகு. பிளாஸ்ரிக் மட்டை வேண்டாம். தூளை முக்கால் குழிக்கு நிரப்புங்கோ, அமத்தாதேங்கோ. அமத்தினால் காத்துப் போகாது, கருகிப் புகைக்கும்.

மெழுகை நேரா அடுப்பில வைக்காதேங்கோ. பால்மா ரின்னில மெழுகைப் போட்டு, தண்ணி கொதிக்கிற சட்டிக்குள்ள ரின்னை இறக்குங்கோ. தண்ணி 100 பாகைக்கு மேல போகாது, மெழுகு 60 பாகை மட்டிலயே உருகிடும். நேர் நெருப்பில 200 பாகையைத் தாண்டினால் மெழுகு புகைஞ்சு, அந்த ஆவி கீழ இருக்கிற நெருப்பில பத்தத் தொடங்கும். பத்தினால் தண்ணி ஊத்தக்கூடாது, திரும்பவும் சொல்லுறன், தண்ணி ஊத்தக்கூடாது. தண்ணி கீழ போய் ஒரேயடியா ஆவியாகி, எரியிற மெழுகைக் கூரைக்கு எறியும். மூடியால மூடுங்கோ, இல்லாட்டி மணல். பிள்ளையளை அங்கால அனுப்பிப்போட்டுத் தொடங்குங்கோ.

உருகினதைக் குழிக்குள்ள மெல்ல ஊத்தி, அரை நிமிசம் ஊறவிட்டு, ரெண்டாந்தரம் ஊத்துங்கோ. மேல மெழுகு தேங்கி நிண்டால் கூடிப்போச்சு. அது எரியாமல் வழிஞ்சு சாம்பலுக்குள்ள போகும். விரலால தொட உதிர்ந்தால் காணாது. மட்டையின்ர விளிம்பில மெழுகு படாமல் கொஞ்சம் விடுங்கோ, நெருப்புக்குச்சி பிடிக்கிறது அதிலதான். இளஞ்சூட்டிலயே குழி குழியா வெட்டி வைக்கலாம்.

அடுப்பு மூட்டேக்குள்ள சாம்பலை ஒதுக்கி, கட்டியை அடுப்புக் கல்லுகளுக்கு நடுவில வையுங்கோ. விளிம்பில பத்தவைச்சுப்போட்டு, ரெண்டு மெல்லிய சுள்ளியைக் குறுக்க, அதுக்கு மேல பெருவிரல் மொத்தத்தில நாலு. பாலை, வீரை மாதிரிக் கெட்டி விறகை உடன போடாதேங்கோ, சுள்ளி பிடிச்ச பிறகு போடுங்கோ. எரியிற கட்டியைக் கிண்டினால் உருகின மெழுகு கீழ போய்டும், விட்டிடுங்கோ. ஒண்டு காணும். ஒண்டில பத்தாட்டில் குறை கட்டியில இல்லை, விறகில. அந்த விறகை அடுப்புக்கு மேல பரணில ஏத்திக் காயவிடுங்கோ.

கண்ணாடிக்கு அங்கால கையைக் காட்டுகினம், நேரம் போச்சாம். கனடா, லண்டன் பக்கம் இருந்து கேக்கிற ஆக்களுக்குக் குளிர்காய்ற அடுப்பைப் பற்றிக் கனக்கச் சொல்ல இருந்தனான். ஒண்டை மட்டும் சொல்லுறன்: கட்டி அதே கட்டிதான், ஆனால் பத்தவைக்க முதல் புகைபோக்கித் தட்டைத் திறந்துபோட்டுப் பத்தவையுங்கோ, இல்லாட்டிப் புகை வீட்டுக்குள்ளதான். இஞ்ச இருக்கிற ஆக்கள், செய்த கட்டியளைத் தகரக் கூரைக்குக் கீழ உயர வைக்காதேங்கோ, மத்தியானச் சூட்டுக்கு இளகி ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும். மூடின ரின்னில, நடுவில கடதாசி வைச்சு, நிலத்தோட வையுங்கோ.

நன்றி, வணக்கம்.