அறுந்தது கேபிள், அறுத்தது யார்?

[காட்சி: வெள்ளைத் துணிமேல் ரெண்டு துண்டா அறுந்த மீட்டர் கேபிள் இன்னர். கேமரா முறிந்த முனைக்குக் கிட்ட போகிறது.]

பைக் ஓடிக்கிட்டிருக்கும்போதே, வேகம் காட்டுற ஸ்பீடோமீட்டர் முள்ளு படுத்துடுச்சு. கடைக்குப் போய் புது கேபிள் வாங்கி மாட்டியாச்சு. பத்தே நாள்ல அதுவும் போச்சு. உடனே "டூப்ளிகேட் கேபிள்"னு கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் கேபிள் மேல தப்பு இருக்காது. மேல மீட்டர், கீழ சக்கரத்துல கேபிளைச் சுத்துற பினியன்ங்கற சின்னப் பல் சக்கரம், நடுவுல கேபிளோட வளைவு. இதுல எதுவோ ஒண்ணு இறுகினா, ரெண்டுக்கும் நடுவுல மாட்டின கம்பிதான் முதல்ல முறியும்.

அதனால பழைய இன்னரை, அதாவது அவுட்டர் குழாய்க்குள்ள சுத்துற கம்பியை, தூக்கிப் போடாதீங்க. எங்க அறுந்திருக்குன்னு பாருங்க. மீட்டரை ஒட்டி மேல அறுந்திருந்தா, மீட்டர் ஸ்பிண்டில், அதாவது கேபிள் சுத்திவிடுற மீட்டரோட அச்சு, இறுகியிருக்கும். நடுவுல அறுந்து, அந்த இடம் பளபளன்னு தேஞ்சிருந்தா, வளைவு தப்பு. கீழ் முனை துருவேறி முறிஞ்சிருந்தா, தண்ணி இறங்கியிருக்கு. கம்பி முழுசா இருந்து, முனையோட சதுரம் மட்டும் உருண்டையாயிருந்தா, இன்னர் நீளம் பத்தாம வழுக்கியிருக்கு.

அறுந்தது கேபிள்தானான்னு முதல்லயே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. முள்ளு அசையல, ஆனா கிலோமீட்டர் எண் ஓடுதுன்னா கேபிள் நல்லாத்தான் சுத்துது, கோளாறு மீட்டருக்குள்ள. ரெண்டும் நின்னுருந்தா கேபிளையும் பினியனையும் பாருங்க.

[காட்சி: பழைய ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பு. அடியில் சின்னதா 1600 என்ற எண்.]

பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல வர்ற ஸ்மித்ஸ் மீட்டர் முகப்புல 1600னு போட்டிருந்தா, ஒரு மைலுக்குக் கேபிள் 1600 தடவை சுத்தும்னு அர்த்தம். கிலோமீட்டர்ல சொன்னா கிட்டத்தட்ட ஆயிரம். 100 கிலோமீட்டர் ஓடினா ஒரு லட்சம் சுத்து! காஞ்ச கம்பி காஞ்ச குழாய்க்குள்ள அத்தனை தடவை உரசினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. மீட்டர் மாத்தும்போதும் அதே எண் உள்ளதையே போடுங்க, இல்லன்னா வேகம் தப்பாக் காட்டும்.

இப்ப கிரீஸ். காயவிட்டுக் கெடுக்குறவங்க பாதி, அள்ளி அப்பிக் கெடுக்குறவங்க பாதி. இன்னரைக் கையில எடுத்துப் பாருங்க. மெல்லிய கம்பிகளை அடுக்கடுக்கா, ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கமா முறுக்கியிருப்பாங்க. மேலடுக்கு பார்க்க ஸ்க்ரூ மரை மாதிரியே இருக்கும், வேலையும் அதேதான் செய்யும். கேபிள் சுத்தச் சுத்த கிரீஸ் மேல ஏறும். எண்ணெய் ஊத்தியிருந்தா இன்னும் வேகமா ஏறும். ஏறி மீட்டருக்குள்ள போயிடும். அங்க ஒரு காந்தம் சுத்துது, அதைச் சுத்தி, முள்ளு மாட்டின ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் தொடக் கூடாது. நடுவுல கிரீஸ் புகுந்தா, காந்தம் கிண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். முப்பதுல போற வண்டிக்கு முள்ளு நூறைத் தாண்டி நிக்கிறது இதனாலதான்.

[காட்சி: இன்னரை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைக்கும் கைகள்.]

இன்னரை உருவி மண்ணெண்ணெய்ல கழுவித் துடைங்க. துணியில கம்பி இழை சிக்கினா இன்னர் முடிஞ்சது, மாத்திடுங்க. அவுட்டர் குழாய்க்குள்ளயும் மண்ணெண்ணெய் விட்டு, தலைகீழாத் தொங்கவிட்டுக் காய வைங்க. வெளிய வர்ற மண்ணெண்ணெய் காவி நிறமா இருந்தா மேலுறை எங்கேயோ வெடிச்சிருக்கு. அந்த அவுட்டரை நம்பாதீங்க. சாதா லித்தியம் கிரீஸ் ஒரு கொண்டைக்கடலை அளவு விரல்ல எடுத்து, கீழ் முனையிலிருந்து மெல்லிய படலமா இழுத்துக்கிட்டே போங்க. மேல் முனைக்கு 15 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்திடுங்க. அந்த 15 சென்டிமீட்டர் காஞ்சே இருக்கட்டும், கிரீஸ் தானா ஏறி வந்துடும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னாடி செஞ்சாப் போதும்.

இன்னர் உருவ வராத கேபிளும் உண்டு. அது இறுகினா மொத்தமா மாத்துறதுதான் வழி.

திரும்ப மாட்டும்போது, கீழ் முனை பினியன்ல முழுசா உட்கார்ந்த பிறகு, மேல அவுட்டருக்கு வெளிய இன்னர் எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு பாருங்க. ஸ்மித்ஸ் மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் கணக்கு. அதிகமா நீட்டினா ஸ்பிண்டிலை முட்டி ஸ்பிண்டில் சுத்துற வளையமான மீட்டர் புஷ்ஷைத் தின்னும். மீட்டரையும் சும்மா விடாதீங்க. பழைய இன்னர்ல ஒரு சாண் வெட்டி, அதைச் செருகி ரெண்டு விரலால உருட்டுங்க. வழுக்கிட்டுச் சுத்தணும். பிடிச்சா, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு ஸ்பிண்டில் அடியில. அப்பவும் பிடிச்சா புது கேபிளை மாட்டாதீங்க, மீட்டரைப் பழுது பாருங்க. டிரில் மாட்டிச் சோதிக்கிறவங்க மெதுவா, வண்டி முன்னால போகும்போது சுத்துற திசையிலேயே சுத்துங்க. எதிர்த்திசையில சுத்தினா இன்னரோட மேலடுக்கு பிரிஞ்சு வாய் பிளந்துடும்.

[காட்சி: ஆர்எக்ஸ் 100 முன் சக்கரம். பிரேக் பிளேட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.]

யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி முன் சக்கரத்துல டிரம் பிரேக் உள்ள வண்டிகள்ல பினியன் பிரேக் பிளேட்டுக்குள்ளயே இருக்கு. பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழட்டி மாட்டும்போது நிறைய பினியன் இங்கதான் சாகுது. பினியனைச் சுத்துற காதும், சக்கரத்தோட நடுப்பகுதியான ஹப்புல இருக்குற வெட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழணும். விழாம ஆக்சில் நட்டை முறுக்கினா காது நசுங்கிடும். பிளேட்டை ஒரு கையால அழுத்திப் பிடிச்சு, சக்கரத்தை மெதுவா உருட்டுங்க. டொக்குனு உள்ள இறங்கும். பிளேட் டிரம்மோட படிஞ்ச பிறகு ஆக்சிலைச் செருகுங்க. பினியனுக்கும் கிரீஸ் வேணும்தான், ஆனா பல்லுல பூசுற அளவுக்கு மட்டும். அதிகமாப் போட்டா சூடேறி பிரேக் ஷூவுக்கு வழியும். மீட்டரைக் காப்பாத்தப் போய் பிரேக்கை இழந்துடாதீங்க.

வளைவு எங்கேயும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க, ஃபோர்க்கை அழுத்தி விடுங்க, கேபிள் எங்கேயும் இழுபடக் கூடாது. ஃபோர்க்குல இருக்குற வளையத்துக்குள்ள கேபிள் சும்மா வழுக்கிட்டுப் போகணும். அங்க பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டுறது பழக்கமாவே ஆயிடுச்சு. கட்டின இடத்துலதான் நசுங்கும்.

மீட்டர் பக்கத்து நட்டைக் கையாலயே முறுக்குங்க, கடைசியில பிளையர்ல ஒரு சின்ன நெட்டு போதும். 100 கிலோமீட்டர் ஓடின பிறகு அதே நட்டைக் கழட்டி, இன்னர் முனையை விரலால தொட்டுப் பாருங்க. கிரீஸ் ஒட்டினா அதிகமாப் பூசியிருக்கீங்க. துடைச்சுட்டு மாட்டிடுங்க.