ஒரு கண் முடிந்து மறு கண்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் டாக்டர் பொதுவாக இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடமாட்டார். ஒன்றைச் செய்து, கட்டுப் பிரித்து, பார்வை தெளிந்த பிறகுதான் அடுத்தது. நான் செய்யும் வேலையிலும் அதே கணக்குதான்.

பெரிய நிறுவனங்களில் ரவுட்டரும் ஸ்விட்ச்சும் சர்வரும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. எது படுத்துவிட்டது, எது திணறுகிறது என்று இரவு பகலாகப் பார்த்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. நெட்வொர்க் மேலாண்மை அமைப்பு என்பார்கள், நாங்கள் சுருக்கமாக என்.எம்.எஸ். என்போம். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் நேரத்தில் காவல்காரனே கண்ணை மூடியிருப்பான். அப்போது ஒரு கிளையின் லைன் அறுந்தால், அங்கிருந்து போன் வந்தால்தான் நமக்குத் தெரியும்.

எனக்குப் பழக்கமான ஜாபிக்ஸையே எடுத்துக்கொள்கிறேன். லாட்வியா நாட்டில் அலெக்சி விளாடிஷேவ் தொடங்கிய இலவச என்.எம்.எஸ். மென்பொருள் இது. நீண்ட கால ஆதரவுள்ள 6.0 பதிப்பு 2022-இல் வந்தது, 7.0 2024 ஜூனில். 7.0-இன் இணையப் பக்கங்களுக்கு பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் 8.0 பதிப்பாவது வேண்டும். உபுண்டு 20.04 என்ற இயங்குதளத்துடன் வருவதோ 7.4. ஆகவே மென்பொருளை மட்டும் மாற்றலாம் என்று உட்கார்ந்தால் இயங்குதளத்தையும் மாற்றவேண்டி வரும். ஓடுவதைத் தொடாமல் அதைச் செய்யப் புதிய சர்வர் வேண்டும், புதிய சர்வருக்குப் புதிய ஐ.பி. முகவரி. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு முறை பழையதையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டிருந்தோம். புதிய திரையில் எல்லாமே பச்சை. எனக்கும் நிம்மதி. மறுநாள் காலை ஒரு ஸ்விட்ச்சின் டிராஃபிக் வரைபடத்தைத் திறந்தேன். கோடு முந்தின நாள் மாலையோடு நின்றிருந்தது. பக்கத்து ஸ்விட்ச்சும் அப்படியே. நிலவரம் கேட்டு வாங்கும் எஸ்.என்.எம்.பி. முறையில், பழைய சர்வரின் முகவரிக்கு மட்டும் பதில் சொல்லும்படி அந்த ஸ்விட்ச்சுகளில் எப்போதோ யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பிங்குக்கு அந்தத் தடை இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றன, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. தரவு வராமல் நின்றால் எச்சரிக்க, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிய டெம்ப்ளேட்டிலும் ஒரு வரி இல்லை. பழைய சர்வரை அன்றே அணைத்திருந்தால் பல நாள் குருடாக உட்கார்ந்திருப்போம். சிவப்பு விளக்கைக் கண்டு நான் பயப்படுவதில்லை. காரணம் தெரியாத பச்சைதான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது தரவுத்தளம். புதிய பதிப்பு முதல் முறை கிளம்பும்போது அதுவே அட்டவணைகளை மாற்றத் தொடங்கிவிடும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று லாக் கோப்பில் ஒவ்வொரு வரியாக ஏறும். நடுவில் நிறுத்தக் கூடாது. மாறிய தரவுத்தளத்தில் பழைய பதிப்பு ஓடாது, திரும்பிப் போக பேக்கப் ஒன்றே வழி. அதனால் முதலில் நகல் எடுத்து, தனி சர்வரில் ஒத்திகை பார்த்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகலில் எஸ்.எம்.எஸ்., மெயில் அனுப்புவதை அணைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒவ்வொரு எச்சரிக்கையும் இரண்டு தடவை போய் இரவு ஷிப்டில் இருப்பவர்களைக் குழப்பிவிடும்.

அந்த நேரக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். கிளைகளில் தரவு சேகரிக்கும் பிராக்சிகள், சர்வர் இல்லாத நேரத்தில் தரவைத் தாங்களே சேர்த்து வைக்கும். ஆனால் இயல்பு அமைப்பில் 1 மணி நேரத்துக்கு மட்டுமே. ஒத்திகையில் 3 மணி நேரம் ஆனதென்றால் பிராக்சியில் அந்த அளவை முன்கூட்டியே கூட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் சர்வரை மாற்றினால் எல்லா பிராக்சியையும் கூடவே மாற்றியாக வேண்டும். இப்போது 7.0 சர்வர் 6.0 பிராக்சியின் தரவையும் வாங்கிக்கொள்கிறது, கிளை கிளையாகப் போகலாம். ஆனால் பழைய பிராக்சிக்குப் புதிய அமைப்பு மாற்றங்கள் போய்ச் சேராது. அதனால் மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது.

பழைய சர்வரை அணைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று செய்வோம். ஒருவர் ரேக் பக்கத்தில் நின்று சோதனை ஸ்விட்ச்சின் கேபிளைக் கையால் உருவுவார். இன்னொருவர் இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டிலும் சிவப்பு வந்து, ஷிப்டில் இருப்பவரின் போனும் அடித்தால், அன்று மாலை பழையதை அணைக்கலாம்.

வணக்கம்.