கரட் மாதிரி இலை, கரட் குடும்பம் இல்லை | வளவில் பார்த்தீனியம்

வணக்கம் உறவுகளே. போன வீடியோவில் என் கை சிவந்து தடித்திருந்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் விசாரித்திருந்தீர்கள். பாருங்கோ, ஆறிவிட்டது. மணிக்கட்டில் மட்டும் இந்தக் கறுப்புத் தழும்பு. எல்லாம் பார்த்தீனியம் செய்த வேலை. இந்த வளவில் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாத செடி அது ஒன்றுதான்.

மாமி வந்தபோது, “கரட் போட்டிருக்கிறியோ பிள்ளை?” என்று கேட்டா. இலை அப்படித்தான் ஏமாற்றும். ஆனால் இது சூரியகாந்தி, செவ்வந்தி குடும்பம். கிட்டக் காட்டுகிறேன். தண்டில் பூனைமயிர் மாதிரி நிற்கிறதே, தெரிகிறதா? பார்த்தெனின் என்ற பொருள் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அது நம் தோலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், உடம்பு தன் புரதத்தையே அந்நியம் என்று நினைத்து எதிர்க்கத் தொடங்கிவிடும். போன வருசம் வெறுங்கையால் பிடுங்கினேன், ஒன்றும் வரவில்லை. பட்டுப் பட்டுத்தான் ஒவ்வாமை வரும். இந்த முறை சனிக்கிழமை பிடுங்கினேன், திங்கள் காலை கடி தாங்க முடியவில்லை.

சரி, கையுறைக் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் 650 ரூபா. அறுநூற்றைம்பது! முதல் செடியிலேயே பெருவிரல் பிய்ந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், “பாவிச்ச சாமான் மாத்தேலாது” என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! பிறகு பாண் வாங்கிய பொலித்தீன் பை இரண்டை மாட்டி, மணிக்கட்டில் றப்பர் வளையம் போட்டேன். நாற்பது செடி பிடுங்கினேன். ஒரு இடத்திலும் கடிக்கவில்லை!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். பூக்க முதல் பிடுங்க வேண்டும். ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் கொட்டும். மழை பெய்த அடுத்த நாள் என்றால் வேரோடு வரும். ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், பாலிலும் கசப்பு இறங்கும்.

அதற்காகக் குடும்பத்தையே வெறுக்க மாட்டேன். என் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் கையாந்தகரையும் அதே குடும்பம்தான். இலையைக் கசக்கினால் விரல் கறுக்கும், பாருங்கோ. அதிலுள்ள வெடலோலக்டோன் என்ற பொருளை ஈரல் நோய்க்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்ப கரட்டின் உண்மையான சொந்தம் எங்கே? கிணற்றடிக்கு வாங்கோ. இந்த வல்லாரைதான்! வட்ட இலை, கரட்டின் சாயல் துளியும் கிடையாது. மல்லி, சீரகம், ஓமம் எல்லாம் இதன் இனசனம். வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருள், காயம் ஆறும் இடத்தில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாகத் துணை செய்கிறது. காயத்துக்குப் பூசும் களிம்புகளிலும் சேர்க்கிறார்கள். தழும்பில் அரைத்துப் பூசச் சொல்லி மாமி நிற்கிறா. நான் பூசவில்லை, சிலருக்கு வல்லாரையும் ஒவ்வாது. எனக்கு அது சம்பலாக வேண்டும். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கடைசியில் தேசிக்காய்ப் புளி. சோறு வடித்தாயிற்று, இலை ஆயத்தான் வந்தேன். இந்தப் பிடி காணும்.