சாவி கிடைத்த கைதி

நண்பர்களே, வணக்கம்.

பஸ் கண்ணாடியை உடைத்தால் 'அராஜகம்', டீக்கடையில் காசு கொடுக்காமல் போனால் 'அராஜகம்' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லையே நாம் தேய்த்துவிட்டோம். நான் இன்று பேசப்போவது அசல் அராஜகவாதி ஒருவரைப் பற்றி. அரசு வேண்டாம், சிறை வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். அவர் கையில்தான் மாட்ரிட் சிறைகளின் சாவி வந்து சேர்ந்தது.

மெல்ச்சோர் ரோட்ரிகஸ். 1893இல் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்த ஏழை. காளைச் சண்டைக்குப் போய்க் குத்துப்பட்டார். அப்புறம் மாட்ரிட் வந்து, நம்மூரில் டிங்கரிங் என்போமே, அந்த வண்டித் தகடு தட்டும் வேலை. சி.என்.டி. என்ற அராஜகவாதத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். மன்னராட்சியிலும் சிறை, குடியரசிலும் சிறை. கைதியின் இரவு எப்படியிருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நவம்பரில், குடியரசை எதிர்த்துக் கிளம்பிய ராணுவத் தளபதி பிராங்கோவின் படை மாட்ரிடின் வாசலுக்கே வந்துவிட்டது. நகரச் சிறைகளிலோ பிராங்கோ பக்கத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில். குடியரசுப் பக்கத்து ஆட்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே எடுத்தார்கள். இதற்கு ஸ்பானிய மொழியில் 'சாக்கா' என்று பெயர். நம் காதில் 'சாக்கு' என்று விழுகிறது, பொருத்தம்தான். வேறு சிறைக்கு மாற்றுகிறோம் என்ற சாக்கில் பாரக்குவேயோஸ் என்ற ஊர்ப்பக்கம் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஒரு மாதத்துக்குள் 2,000 பேருக்கு மேல்.

அந்த நவம்பரில் மெல்ச்சோர் சிறைகளின் தனிப் பொறுப்பாளரானார். நியமித்த நீதி அமைச்சர் கார்சியா ஒலிவரும் அராஜகவாதிதான், அது இன்னொரு வேடிக்கை. மெல்ச்சோர் போட்ட உத்தரவு சின்னது: இரவில் என் அனுமதி இல்லாமல் ஒரு கைதியும் வெளியே போகக் கூடாது. கொலை நின்றது. மேலிடம் ஒத்துழைக்கவில்லை, சில நாளில் பதவியை விட்டார். கொலை மறுபடி தொடங்கியது. டிசம்பர் 4இல் முழு அதிகாரத்தோடு திரும்பி வந்தார். அதோடு சாக்கா முடிந்தது.

டிசம்பர் 6இல் மாட்ரிடுக்குப் பக்கத்து ஊரான குவாதலஹாராவில் பிராங்கோ பக்கத்து விமானம் குண்டு போட, ஆத்திரத்தில் கூட்டம் சிறைக்குள் புகுந்து 200 பேருக்கு மேல் கொன்றது. இரண்டே நாள் கழித்து ஆல்கலா தே எனாரஸிலும் குண்டு. அங்கும் கூட்டம் துப்பாக்கியோடு சிறைக்குள் நுழைந்தது. உள்ளே 1,532 கைதிகள். மெல்ச்சோர் குறுக்கே நின்றார். திட்டினார்கள், நெஞ்சில் துப்பாக்கியை வைத்தார்கள். மீறினால் கைதிகள் கையிலேயே ஆயுதம் கொடுப்பேன் என்றார். மணிக்கணக்கில் நின்று, கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார்.

சரி, காப்பாற்றியது யாரை? இந்த இடத்தை மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவர் முன்யோஸ் கிராந்தெஸ். பின்னால் ஹிட்லருக்கு ஆதரவாக ரஷ்யாவில் போரிட்ட நீலப் படைப்பிரிவின் தளபதி, அப்புறம் பிராங்கோ அரசின் துணைத் தலைவர். மெல்ச்சோரின் தோழர்களே அவரைத் துரோகி என்றார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நல்லவனாகப் பார்த்துக் காப்பாற்றுவதாக இருந்தால் அந்த வாசலில் அவர் பெயர்ப்பட்டியலோடு நின்றிருக்க வேண்டும். அவர் பார்த்தது, இவன் கையில் இப்போது ஆயுதம் இல்லை என்பதை மட்டும்தான்.

போரில் குடியரசு தோற்றது. வென்றவர்கள் அவரைக் கைதுசெய்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. அவருக்காகப் பேச எழுந்தவர் அதே முன்யோஸ் கிராந்தெஸ். உயிர் தப்பியது, 20 ஆண்டுச் சிறை. ஏறக்குறைய ஐந்தாண்டில் வெளியே வந்தார்.

அவரால் பிழைத்தவர்கள் இப்போது பெரிய நாற்காலிகளில். நல்ல வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று இன்சூரன்ஸ் பாலிசி விற்றுப் பிழைத்தார். தடைசெய்யப்பட்ட தன் சங்கத்தை விடவில்லை, அதற்காக மறுபடி உள்ளே போனார். அந்தப் பெரிய மனிதர்களிடம் அவர் போய் நின்றதெல்லாம் வேறொரு காரியத்துக்கு: பிராங்கோவின் சிறைகளில் கிடந்த தன் தோழர்களை வெளியே விடச் சொல்லி.