தர்க்கத்தில் தீர்த்துக்கொண்ட கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், கதாநாயகன் வேஷம் போடும் எந்த ராஜபார்ட்டுக்கும் எந்த ராஜபார்ட்டுக்கும் ஆகாது, நாயகி வேஷம் போடும் எந்த ஸ்திரீபார்ட் மேல் யாருக்குக் கண் என்றுதான் பேச்சு போகும். அதில் பாதி கட்டிவிட்ட கதை. மீதிப் பாதியை, "கலைஞர்கள் என்றாலே அப்படித்தான்" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தொழில் நடந்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அங்கே பொறாமையும் ஒருதலைக் காதலும் முளைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் பாய்ஸ் கம்பெனி. பெரிய நடிகர்கள் நேரத்துக்கு வருவதில்லை, பாடத்தை ஒழுங்காகப் படிப்பதில்லை, வாத்தியார் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. இதில் அலுத்துப்போய்த்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடகம் போடும் வழிக்கு வந்தார். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படி வந்ததுதான். பையனைப் பெற்றவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டுப் போவார்கள். சாப்பாடு, படுக்கை, பாட்டு, அடி எல்லாம் கம்பெனி வீட்டில்.

அங்கே போட்டி என்பது குரலுக்குள்ளேயே இருந்தது. சின்னப் பையனுக்குப் பாலபார்ட். கொஞ்சம் வளர்ந்து, முகம் களையாக இருந்தால் ஸ்திரீபார்ட். அதற்குப் பிறகு பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும். நேற்று வரை உச்சத்தில் நின்று பாடியவன் இன்றைக்கு வாயைத் திறந்தால் இரண்டு குரல் வரும். அன்றோடு வேஷம் போயிற்று. வாத்தியார் இரக்கப்பட்டால் சேவகன், தூதன் என்று சில்லறை வேஷம் கிடைக்கும். இல்லாவிட்டால் படுதா இழுக்க வேண்டியதுதான். குரல் திரும்பிக் கூடி வருவதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். சிலருக்குக் கூடுவதே இல்லை. அதற்குள் அவனுடைய வேஷத்தில் இன்னொருவன் ஊன்றிவிடுவான். பி. யு. சின்னப்பா பேர் வாங்கின பாய்ஸ் கம்பெனி நடிகர். அவருக்கே குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியே போக நேர்ந்தது. சங்கீதமும் சிலம்பமும் பழகித்தான் மறுபடி எழுந்தார்.

ஒவ்வொரு முக்கிய வேஷத்துக்கும் பாடம் தெரிந்த மாற்று ஆள் ஒருவன் பக்கப் படுதா அருகில் எப்போதும் நிற்பான். மற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவனுக்கு வாழ்வு. ஒரே பந்தியில் சாப்பிட்டு, வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும் இரண்டு பையன்களை இப்படி நிறுத்தி வைத்துவிட்டு, அவர்களுக்குள் பொறாமை வந்தது என்று குறைப்பட்டு என்ன பயன்?

பெரியவர்கள் சேர்ந்து நடித்த ஸ்பெஷல் நாடகத்தின் விஷயம் வேறு. இங்கே கம்பெனியே கிடையாது. ஏஜெண்ட் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனை வேறோர் ஊரிலிருந்தும் அழைப்பார். ஆர்மோனியம், மிருதங்கம் தனி. நோட்டீஸில் பெயர் அச்சாகிவிடும். நடிகர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது நாடகத்தன்று சாயங்காலம் முகத்தில் முத்துவெள்ளை பூசிக்கொள்ளும்போதுதான். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ கோவலனோ, பாட்டும் கதையும் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். ஒன்பது, பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும்.

கதையும் பாட்டும் பொது என்றால், ஒருவர் மற்றவரை எதில் ஜெயிப்பது? தர்க்கத்தில். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துக்கு நாரதர் வருவார், வள்ளியோடு தர்க்கம். பிறகு வேலன் வருவார், பரண்மேல் கவண் வைத்துக்கொண்டிருக்கும் வள்ளியோடு தர்க்கம். எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது வாத்தியார் எழுதி வைத்தது. நடுவில் உள்ள கேள்வியும் பதிலும் அவரவர் சாமர்த்தியம். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டு மணி நேரம் போகும். கொட்டகை அதற்காகத்தான் காத்திருக்கும்.

இந்த இடத்தில் சுருதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இடையில் உள்ள கறுப்பு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு சௌகரியம். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஆனால் மைக் இல்லாத கொட்டகையில் ஆண் ஒரு கட்டையில் பாடினால் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. அதனால் ராஜபார்ட்டுகளும் நாலு, ஐந்து என்று ஏறிப் பாடினார்கள்.

இப்போது இரண்டு பேர் ஒரே காட்சியில் நிற்கிறார்கள். ஆணுக்கு இரண்டு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என்றால் தொல்லையில்லை. அவருடைய 'ம', அதாவது மத்திமம்தான் இவருடைய 'ஸ', அதாவது ஷட்ஜம். ஆர்மோனியக்காரர் கையை அதிகம் நகர்த்தாமலே இரண்டு பேருக்கும் துணை போய்விடுவார். ஆணுக்கு நாலு, பெண்ணுக்கு ஐந்தரை என்றால் அந்த ஒட்டுறவு இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி மாறினால் தர்க்கத்தின் சூடு ஆறிப்போகும். யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும், அல்லது மேலே ஏறிக் கத்த வேண்டும். இறங்கி வருகிற பெண்ணின் குரல் அடியில் காற்றாகப் போகும். ஏறுகிற ஆணின் தொண்டை இரண்டு மணிக்குமேல் கட்டிக்கொள்ளும். மிளகுப்பாலும் பனங்கற்கண்டும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

இந்த இடுக்கில்தான் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பது. வந்தவுடன், தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை அரைக் கட்டை ஏற்றி எடுப்பது ஒரு வழி. எதிராளி அதே சுருதியில் பதில் சொல்லியாக வேண்டும். விருத்தத்தை நாலைந்து ராகத்தில் கொண்டுபோய், பிடிபடாத ஒரு ராகத்தில் முடித்துவிட்டு நகர்ந்துகொள்வது இன்னொன்று. இதைவிடக் கொடுமை, அடி கொடுக்காமல் விடுவது. ஒருவருடைய பாட்டின் கடைசி அடியைக் கேட்டுத்தான் மற்றவர் எடுக்க வேண்டும். அந்த அடியை விழுங்கிவிட்டால் எதிரே நிற்பவர் விழிப்பார், கூட்டம் சிரிக்கும். பக்கவாத்தியமும் சமயத்தில் கட்சி கட்டும். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி நடிகருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பது வழக்கம். வேண்டாதவர் பாடும்போது அவர் சும்மா இருந்துவிட்டால் போதும், அந்த ஆள் மூன்றாவது சரணத்தில் இளைத்துவிடுவார். நேரமும் ஓர் ஆயுதம். கொட்டகை 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க ஒருவர் பாடிக்கொண்டே இருந்தால், அடுத்தவருடைய நல்ல காட்சி விடியற்காலையில், ஜனங்கள் துண்டை உதறிக் கிளம்பும் நேரத்தில் போய் விழும்.

சரி, காதல்?

அந்த நாடகங்களின் கதையைப் பாருங்கள். வள்ளி வேலனை மறுக்கிறாள். அல்லி அர்ஜுனனை மறுக்கிறாள். பவளக்கொடியும் எடுத்த எடுப்பில் இசைவதில்லை. ராஜபார்ட் காதல் சொல்ல வேண்டும், ஸ்திரீபார்ட் விடிகிற வரை மறுக்க வேண்டும், அதுதான் கதை. நடிகை ஒருத்தி தொழில் நடத்துகிற இடத்தில் வெளியே யாரையும் எடுத்தெறிந்து பேசிவிட முடியாது. ஏஜெண்ட் கோபித்துக்கொள்வார், அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மேடையில் மட்டும் அவளுக்கு முழு உரிமை உண்டு. "வயது என்ன, ஊர் என்ன, வீட்டில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்" என்று வள்ளி வேலனைக் கேட்டால், முருகனுக்கு ஏற்கெனவே தெய்வானை இருப்பது கதையிலேயே உள்ளதுதானே! யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் அது சுருக்கென்று தைக்கும். அவரும் பதிலுக்குத் தம் மனசில் இருப்பதையெல்லாம் பாட்டில் சொல்லலாம். மறுநாள் காலையில் இரண்டு பேரும் வேறு வேறு ரயிலில் போய்விடுவார்கள். ஒருதலைக் காதலுக்கு இவ்வளவு வசதியான ஏற்பாட்டை வேறெந்தத் தொழிலும் செய்து தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராக நடந்ததுதான் கிட்டப்பா, சுந்தராம்பாள் விஷயம். 1906இல் பிறந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா, 1908இல் பிறந்த கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், இரண்டு பேரும் உச்ச சுருதிக்குப் பேர்போனவர்கள். இலங்கையில் சுந்தராம்பாள் கொடிகட்டிப் பறந்த சமயத்தில் கிட்டப்பா அங்கே போனார். அந்தப் பெண்ணோடு ஈடுகொடுத்துப் பாட முடியாது என்று அவரையும், கிட்டப்பாவிடம் மாட்டிக்கொள்ளாதே என்று இவரையும் பயமுறுத்தியவர்கள் உண்டு என்பார்கள். போட்டிக்கு என்று கூட்டம் திரண்டது. நான் மேலே சொன்ன சுருதிச் சிக்கல் இவர்களுக்கு இல்லை. ஒருவர் இறங்கவும் வேண்டாம், மற்றவர் கத்தவும் வேண்டாம். ஒருவரை ஒருவர் கவிழ்க்க வந்த இடத்தில் கவிழ்க்க வழியில்லாமல் போயிற்று. 1927இல் திருமணம்.

கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிரிவு வந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சிலும் வந்தன. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அதன்பிறகு வெள்ளைப் புடவைதான், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதும் அவர் எடுத்த முடிவு. இதைத் தியாகம் என்று மட்டும் பேசுவதை நான் ஏற்கவில்லை. தொழில் தெரிந்தவர் எடுத்த முடிவு அது. ஜோடி இல்லாமலும் பிழைக்க முடியும் என்று காட்டினார். 1935இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே ஆண் வேஷத்தில் நடித்து, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்து லட்சம்!

போட்டி என்று நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் வேறொன்றாக இருக்கும். நாடக நடிகர் விசுவநாததாஸ் தேசியப் பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால், அவருக்கு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சில நடிகைகள் மறுத்தார்கள். மேடையில் வள்ளி மறுப்பது வேறு, வேஷம் போடுவதற்கு முன்பே மறுப்பது வேறு. 1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, இதே சென்னையில், ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

சென்னையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகையில் தொழில்முறை நடிகர்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் சுகுண விலாச சபையின் நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் நடித்த சபை. பெண் வேஷமும் ஆண்களே. சி. ரங்கவடிவேலு என்ற வக்கீல் பல ஆண்டுகள் முதலியாருக்கு எதிரே கதாநாயகியாக நடித்தார். இங்கே ஒத்திகை உண்டு, எழுதிய வசனம் உண்டு, நாடகத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் உண்டு. தர்க்கத்துக்கு இடமில்லை. ஆகவே இங்கே சண்டையெல்லாம் மேடைக்கு முன்னாலேயே, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பங்கிடும்போதே முடிந்துவிடும். சோற்றுக்கு நடிப்பவருக்கும் ஆசைக்கு நடிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

பேசும் படத்தில் தர்க்கத்தின் கதை முடிந்தது. 1934இல் வந்த பவளக்கொடியில் ஐம்பது பாட்டுக்கள் இருந்தன, தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நாடகத்தில் நடித்ததையே படத்திலும் நடித்தார்கள். ஆனால் கேமராவுக்கு முன்னால் எதிராளியை இரண்டு மணி நேரம் மடக்க முடியாது. பிலிமுக்குக் காசு. பிடிக்காத இரண்டு பேரைத் தனித்தனியாகப் படம் எடுத்து ஒட்டிவிடலாம். சுருதி சேராவிட்டால் மறுபடி எடுக்கலாம்.

ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் நடக்கிறது. பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு வள்ளி திருமணத்துக்கு உட்காருங்கள். பபூன் காமிக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட வேண்டாம். இரண்டு மணி வாக்கில் வேலன் வந்து 'காயாத கானகத்தே' எடுக்கும்போது அவரைப் பார்க்காதீர்கள். ஆர்மோனியக்காரரின் வலது கையைப் பாருங்கள். வள்ளி பதில் பாட வாயெடுத்ததும் அந்தக் கை இருந்த இடத்திலேயே இருக்கிறதா, கட்டை மாறுகிறதா என்று கவனியுங்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேருக்குள் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது முன்வரிசையில் இருப்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

வணக்கம்.